ஹலபின் விதைகளும் காபூர் ஆற்றின் நீரும்

அரபு மொழியில் உழவனுக்கு ‘ஃபல்லாஹ்’ என்றும், உழவுத் தொழிலுக்கு ‘ஃபிலாஹத்’ என்றும் பெயர். நாள்தோறும் பாங்கொலியில் நாம் செவிமடுக்கும் ‘ஃபலாஹ்’ என்னும் சொல்லும் இதே மூவெழுத்து வேரிலிருந்து கிளைத்ததாகும். அவ்வேருக்குப் பிளத்தல், கீறுதல் என்பதே முதற்பொருள் என்பர் அகராதி ஆசிரியர்கள். மண்ணைக் கீறி விதையிடுபவனும் வெற்றியை எய்துபவனும் ஒரே சொற்குடும்பத்தில் இடம்பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது. பசியினின்று விடுபடுவதே ஒரு சமுதாயத்தின் முதல் வெற்றி என்பதை அம்மொழியைப் பேசிய மக்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

எல்லா மக்களுக்கும் எக்காலத்தும் போதிய உணவு கிடைக்கும் நிலையை இன்று ‘உணவுப் பாதுகாப்பு’ என அழைக்கிறோம். வளரும் நாடுகள் இந்நிலையை எய்துவதற்கு இரண்டு துணைகள் வேண்டும். ஒன்று வேளாண் ஆய்வு; மற்றொன்று அரசின் கொள்கை. ஆய்வு நல்ல விதையைத் தரும். அவ்விதை எவ்வளவு நீரில், எத்தகைய நிலத்தில், என்ன விலைக்கு விளைய வேண்டும் என்பதைக் கொள்கை தீர்மானிக்கும். இவ்விரண்டும் கைகோத்து நடந்த காலத்தையும், பிரிந்து நடந்த காலத்தையும் ஒரே மண்ணில் காண விரும்புவோர் ஷாம் தேசத்தின் வடபகுதியை நோக்க வேண்டும். ஹலப் நகருக்கு அருகே அமைந்திருந்த ஓர் ஆய்வு மையத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

வானம் பார்த்த பூமி

ஷாம் நாட்டு உழவர்கள் தம் நிலங்களை இரு வகையாகப் பிரிப்பர். ஆற்று நீரோ கிணற்று நீரோ பாய்ச்சப்படுவது ஒன்று. மழையை மட்டுமே நம்பியிருப்பது மற்றொன்று. இதற்கு ‘பஅல்’ என்று பெயர். நம் நாட்டில் மானாவாரி என்று வழங்கும் சொல்லுக்கு இது முற்றிலும் ஒத்ததாகும்.

ஃபிக்ஹுக் கலை பயின்றோர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. விளைபொருள் ஜகாத் பற்றிய பாடத்தில், மழை நீரால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கும், உழைப்பும் செலவும் செய்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கும் கடமை என்று ஓதியிருக்கிறோம். நீருக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைக் கணக்கில் கொள்ளாமல் விளைச்சலை மட்டும் அளப்பது நீதியாகாது என்பதையும் இச்சட்டம் உணர்த்துகிறது. இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நாம் காணப்போகும் இழப்புகள் பலவும் இக்கணக்கு மறக்கப்பட்டதால் விளைந்தவையே.

சிரியாவில் மழை அளவைக் கொண்டே வேளாண் மண்டலங்கள் வகுக்கப்பட்டன. ஆண்டுக்கு 350 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பகுதி முதல் மண்டலம். 200 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெறுவது ஐந்தாம் மண்டலமாகிய பாதியா மேய்ச்சல் வெளி. முதல் மண்டலத்தில் கோதுமையும் பருப்பு வகைகளும் விளையும். மழை குறையக் குறைய வாற்கோதுமையும் ஆடு வளர்ப்பும் மேலோங்கும். தமிழகத்தில் பெய்யும் மழையின் ஆண்டுச் சராசரி 900 மில்லிமீட்டருக்கும் மேல் என்பதை ஒப்புநோக்கினால், அம்மண்ணின் உழவர் எத்துணை மெல்லிய இழையில் வாழ்க்கையைத் தொங்கவிட்டிருந்தனர் என்பது விளங்கும்.

ஏடுகளில் உழவு

உழவை ஒரு கலையாகவும் அறிவியலாகவும் ஆராயும் மரபு அரபு மொழிக்குப் பழமையானது. ஹிஜ்ரி 291இல் (கி.பி. 904) இராக்கைச் சேர்ந்த இப்னு வஹ்ஷிய்யா ‘அல்ஃபிலாஹத்துன் நபதிய்யா’ என்னும் பெருநூலை அரபியில் ஆக்கினார். ஐந்தாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் அந்தலுஸின் துலைதுலா நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால், தம் சொந்த அனுபவத்தையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு மண் வகைகள், நீர் வகைகள், எருக்கள் ஆகியவை குறித்து எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம், முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததோடு அவற்றைத் தம் நிலத்தில் சோதித்தும் பார்த்தார். அவருடைய ‘கிதாபுல் ஃபிலாஹா’ 1802இல் மத்ரித் நகரில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

திமிஷ்கிலும் இம்மரபு தொடர்ந்தது. ஸூஃபி ஞானியாக நாம் நன்கறிந்த அப்துல் கனீ நாபுலுஸீ அவர்கள், ரளிய்யுத்தீன் கஸ்ஸீ இயற்றிய வேளாண் நூலைச் சுருக்கி 1715இல் ‘அலமுல் மலாஹா ஃபீ இல்மில் ஃபிலாஹா’ என்னும் நூலை யாத்தார்கள். மார்க்க அறிஞர் ஒருவர் எருவையும் ஒட்டுக் கட்டுதலையும் பற்றி எழுதுவது அக்காலத்தில் எவருக்கும் வியப்பளிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மையத்தின் தோற்றம்

1960களில் மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் உருவான குட்டை ரகக் கோதுமையும் நெல்லும் ஆசியாவின் பசியைப் பெருமளவு தணித்தன. ஆயினும் அவை நிறைந்த நீரையும் மிகுந்த உரத்தையும் வேண்டின. மானாவாரி நிலங்கள் இப்பசுமைப் புரட்சியின் பயனைப் போதிய அளவில் பெறவில்லை. பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்களை ஒருங்கிணைக்கும் ஆலோசனைக் குழுமம் 1971இல் தோன்றியபோது, மேற்கு ஆசியாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் தனியே ஒரு மையம் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1977இல் வறண்ட பகுதிகளுக்கான பன்னாட்டு வேளாண் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. ‘இக்கார்டா’ என்னும் சுருக்கப் பெயரால் அது உலகெங்கும் அறியப்படலாயிற்று. லெபனானின் பிகாஃ சமவெளியில் தெர்போல் என்னுமிடத்தில் ஒரு நிலையம் இருந்தும், அந்நாட்டில் 1975இல் வெடித்த உள்நாட்டுப் போரின் காரணமாகத் தலைமையிடம் சிரியாவில் அமைந்தது. ஹலபுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தல் ஹத்யாவே அவ்விடம்.

இடத்தேர்வு பொருத்தமானதே. அங்கிருந்து கிழக்கே ஃபுராத் ஆற்றங்கரையில் அபூ ஹுரைரா என்னும் தொல்லியல் மேடு இருந்தது. மனிதன் காட்டுத் தானியங்களைப் பறித்துண்ட நிலையிலிருந்து விதைத்து அறுக்கும் நிலைக்கு மாறிய வரலாற்றை 1972, 1973ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அகழாய்வு அங்கே வெளிப்படுத்தியது. பின்னர் தப்கா அணையின் நீர்த்தேக்கத்தில் அம்மேடு மூழ்கிவிட்டது. கோதுமை, வாற்கோதுமை, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றின் காட்டு இனங்கள் இன்றும் இயற்கையாக முளைக்கும் வட்டாரம் அதுவேயாகும்.

ஆய்வு தந்த பாடங்கள்

மையத்தின் பணிகள் பலவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துரைப்போம்.

முதலாவது, கொண்டைக்கடலை. ஷாமில் இதனை வசந்த காலத்தில் விதைப்பதே வழக்கம். குளிர்காலத்தில் விதைத்தால் மழை முழுவதும் பயிருக்குக் கிடைக்கும். ஆனால் கருகல் நோய் தாக்கி அழித்துவிடும். இந்நோயையும் குளிரையும் தாங்கும் ரகங்கள் உருவான பின்னர் குளிர்கால விதைப்பு இயலுவதாயிற்று. ஒரு சொட்டு நீரும் கூடுதலாகச் செலவிடாமல், விதைக்கும் பருவத்தை மாற்றியே விளைச்சலைப் பெருக்கிய உத்தி இது.

இரண்டாவது, வாற்கோதுமை. சிரிய உழவர்களிடம் ‘அரபி அப்யள்’, ‘அரபி அஸ்வத்’ என இரு நாட்டு ரகங்கள் இருந்தன. வெண்மணி ரகம் ஓரளவு மழையுள்ள பகுதிக்கும், கருமணி ரகம் மிக வறண்ட பகுதிக்கும் உரியவை. ஆய்வு நிலையத்தின் வளமான வயலில் முதலிடம் பெற்ற புதிய ரகங்கள் உழவரின் வறண்ட வயலில் இக்கருமணியிடம் தோற்றன. இதனைக் கண்ட இத்தாலிய அறிஞர் ஸால்வதோரே செக்கரெல்லியும் அவருடன் பணியாற்றியோரும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து விதைத் தேர்வை உழவரின் வயலுக்கே கொண்டுசென்றனர். எந்தக் கதிர் வேண்டும் என்பதை உழவரே தேர்ந்தெடுத்தனர். தானியத்தைப் போலவே ஆட்டுக்குரிய வைக்கோலும் அவர்களுக்கு இன்றியமையாதது என்பதை ஆய்வாளர்கள் அவ்வயல்களில் கண்டறிந்தனர்.

மூன்றாவது, துணைப் பாசனம். மானாவாரிக் கோதுமைக்குக் கதிர் விடும் பருவத்தில் ஓரிரு முறை மட்டும் நீர் பாய்ச்சினால் விளைச்சல் பன்மடங்கு உயரும் என்பதைத் தல் ஹத்யா ஆய்வுகள் மெய்ப்பித்தன. பயிர் கேட்கும் முழு அளவையும் கொடுக்க வேண்டியதில்லை. அதில் பாதி கொடுத்தாலும் விளைச்சலில் ஏற்படும் குறைவு சொற்பமே. மிஞ்சும் நீரைக் கொண்டு மற்றொரு வயலை வாழவைக்கலாம் என்பதே அவ்வாய்வுகளின் சாரம்.

நீர் தொலைந்த வரலாறு

ஆய்வின் முடிவு கொள்கையின் கைக்கு வந்தபோது அதன் ஒரு பாதியே எடுத்துக்கொள்ளப்பட்டது. நீர் பாய்ச்சினால் விளைச்சல் பெருகும் என்பதை அரசு ஏற்றது. அளவோடு பாய்ச்ச வேண்டும் என்பது ஏட்டளவில் நின்றது.

சிரிய அரசு கோதுமையைக் கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த பயிராக அறிவித்து, நல்ல விலைக்குத் தானே கொள்முதல் செய்தது. நீர் இறைக்கும் எந்திரத்துக்கு வேண்டிய டீசலை மானிய விலையில் வழங்கியது. மையமும் அரசு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ‘ஷாம்’ வரிசைக் கோதுமை ரகங்கள் நாடெங்கும் பரவின. பயன் கண்கூடாகத் தெரிந்தது. 1989ஆம் ஆண்டு வறட்சியில் ஏறத்தாழ 10 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1995இல் 40 இலட்சம் டன்னைத் தாண்டியது. கோதுமைக்காகக் கையேந்திய நாடு தன்னிறைவு பெற்று ஏற்றுமதியும் செய்தது. இது சிறிய சாதனையன்று. இதனைக் குறைத்து மதிப்பிடுவது நீதியாகாது.

ஆனால் இச்சாதனைக்குரிய விலை நிலத்தடியில் கணக்கெழுதப்பட்டு வந்தது. 1985க்கும் 2000க்கும் இடையில் பாசன நிலப்பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அதில் பாதிக்கும் மேற்பட்டது கிணற்றுப் பாசனம். டீசல் மலிவாக இருந்தமையால் நீரும் மலிவானது போன்ற தோற்றம் எழுந்தது. அனுமதி பெறாத கிணறுகள் பெருகின. வடகிழக்கே துருக்கி எல்லையில் ‘ரஅஸுல் ஐன்’ என்னும் ஊர் உள்ளது. ஊற்றின் தலை என்பது அதன் பொருள். உலகின் மாபெரும் ஊற்றுகளுள் ஒன்றாகப் புகழ்பெற்று, காபூர் ஆற்றுக்கு உயிரூட்டி வந்த அவ்வூற்றுகள், எல்லையின் இரு புறத்தும் நிகழ்ந்த அளவிறந்த நீரிறைப்பால் 2000ஆம் ஆண்டையொட்டி வற்றிப்போயின. ஊருக்குப் பெயர் மட்டும் எஞ்சியது.

2006 முதல் 2010 வரை கடும் வறட்சி நிலவியது. மழை பொய்த்த ஆண்டுகளுக்கென இறைவன் மண்ணுக்கடியில் சேர்த்து வைத்திருந்த நீர், மழை பெய்த ஆண்டுகளிலேயே செலவிடப்பட்டிருந்தது. யூஸுஃப் நபி அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளில் சேமித்து, பஞ்சத்தின் ஏழாண்டுகளில் செலவிட்டார்கள். இங்கு நடந்தது அதன் நேர்மாறு. 2008இல் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. நாடு மீண்டும் கோதுமையை இறக்குமதி செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில் டீசல் மானியம் குறைக்கப்பட்டு, லிட்டர் 7 லீராவிலிருந்து 25 லீராவாக ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. பல்லாண்டுகளாக அளவின்றிக் கொடுத்த சலுகையை, உழவன் மிகவும் நலிந்திருந்த வேளையில் பறித்ததே அக்கொள்கையின் பெரும் பிழை எனலாம். 2010இல் மஞ்சள் துரு நோய் வேறு தாக்கியது. பெரும்பரப்பில் பயிரிடப்பட்டிருந்த ‘ஷாம் 8’ ரகம் அதனை எதிர்த்து நிற்க இயலாமல் வீழ்ந்தது. ஒரே ரகத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை அந்நோய் உணர்த்திச் சென்றது.

இலட்சக்கணக்கான சிற்றூர் மக்கள் வாழ்வாதாரம் இழந்தனர். குடும்பங்கள் பல நகர்ப்புறங்களில் கூடாரமடித்தன. 2011இல் மூண்ட கலவரத்துக்கு இவ்வறட்சியே காரணம் என்போர் உளர். அதனைத் தக்க சான்றுகளுடன் மறுக்கும் ஆய்வாளர்களும் உளர். ஒரு நாட்டின் துயரத்தை ஒற்றைக் காரணத்தில் அடக்குவது வரலாற்று முறையாகாது. நீர் தொலைந்ததால் உழவர் தாங்கும் வலிமை இழந்தனர் என்ற அளவில் நாம் நிற்போம்.

விதை பிழைத்த வரலாறு

தல் ஹத்யாவில் ஒரு விதை வங்கி இருந்தது. கோதுமை, வாற்கோதுமை, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, ‘ஃபூல்’ எனும் அவரை இனம், கேசரிப் பருப்பு ஆகியவற்றின் நாட்டு ரகங்களும் காட்டு இனங்களும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மாதிரிகளாக உறைகுளிரில் பேணப்பட்டன. மொராக்கோ முதல் மத்திய ஆசியா வரை ஊர் ஊராகச் சென்று திரட்டியவை அவை. அவற்றுட் சில, விளைந்த ஊரிலேயே அழிந்துபோனவை.

இத்தகைய சேமிப்புகள் எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. ஆப்கானிஸ்தானில் கஸ்னீ, ஜலாலாபாத் நகரங்களில் வீடுகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்த விதைகளைக் கொள்ளையர் கொட்டிவிட்டு, அவை இருந்த கொள்கலன்களை மட்டும் எடுத்துச் சென்ற செய்தி 2002இல் வெளிவந்தது. இராக்கின் அபூ குரைப் விதை வங்கி 2003ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது சூறையாடப்பட்டது. எனினும் அந்நாட்டு அறிஞர்கள் முன்னெச்சரிக்கையாகத் தம் விதைகளில் ஒரு பகுதியை ஹலபுக்கு அனுப்பியிருந்தமையால் அவை தப்பின.

ஹலபின் அறிஞர்களும் இப்பாடத்தைக் கற்றிருந்தனர். நார்வேயின் வடகோடியில் ஸ்வால்பார்ட் தீவில், உலக நாடுகளின் விதைப் பிரதிகளைக் காப்பதற்கெனப் பனிமலையைக் குடைந்து அமைக்கப்பட்ட பேழையகம் 2008 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு முதலே மையம் தன் விதைகளின் பிரதிகளை அங்கு அனுப்பத் தொடங்கியது. 2012இல் ஹலபைப் போர் சூழ்ந்தபோது வெளிநாட்டு அறிஞர்கள் வெளியேறினர். சிரியப் பணியாளர்கள் நிலையத்தில் தங்கி, குளிரறைகள் இயங்கும்படி இயன்றவரை காத்தனர். பிரதிகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இவ்வாறு ஏறத்தாழ 1,16,000 மாதிரிகள் வடதுருவப் பனிக்குள் சேர்ந்தன. இப்பணியைப் பாராட்டி 2015 மார்ச்சில் கிரிகோர் மெண்டல் விருது வழங்கப்பட்டது.

தல் ஹத்யாவை இனிப் பயன்படுத்த இயலாது என்ற நிலையில், 2015இல் மையம் தான் வைத்தவற்றில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டது. ஸ்வால்பார்ட் பேழையகத்திலிருந்து எவரேனும் விதையைத் திரும்பப் பெற்றது அதுவே முதல் முறையாகும். 128 பெட்டிகளில் 38,073 மாதிரிகள் லெபனானுக்கும் மொராக்கோவுக்கும் வந்து சேர்ந்தன. தெர்போலிலும் ரபாத் நகருக்கு அருகே உள்ள மர்ஷூஷிலும் அவை விதைக்கப்பட்டுப் பெருக்கப்பட்டன. 2017 பிப்ரவரியில், அவ்வாறு பெருகியவற்றுள் 15,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் ஸ்வால்பார்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. 2017, 2019ஆம் ஆண்டுகளிலும் எஞ்சியவை கட்டம் கட்டமாகப் பெறப்பட்டன. போர்க்களத்தில் சிக்கிய ஒரு விதை வங்கி, இரு நாடுகளில் மீண்டும் உயிர்பெற்றது.

இவ்விதைகளால் பயன் பெற்றோர் அரபு நாட்டார் மட்டுமல்லர். வங்காளதேசத்தின் மைசூர்ப் பருப்பு இனம் மிகக் குறுகிய மரபுடையதாய் நோய்களுக்கு எளிதில் இரையாகி வந்தது. ஹலபிலிருந்து சென்ற விதைகளுடன் கலந்த பின்னரே அங்கு நோய் தாங்கும் புதிய ரகங்கள் தோன்றின. ஏழையின் சோற்றோடு சேரும் பருப்பின் பின்னே இத்தகைய நெடிய பயணம் உண்டு.

அமானத்தும் ஹரீமும்

ஒரே மண்ணில் விதை பிழைத்தது; நீர் பிழைக்கவில்லை. இதற்குக் காரணம் யாது?

விதைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. 1994இல் பன்னாட்டு ஆய்வு மையங்கள் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தம்மிடமுள்ள விதைகள் தமக்குச் சொந்தமல்ல. மனித குலத்தின் சார்பில் பொறுப்பாக வைத்திருப்பவை. அவற்றின் மீது காப்புரிமை கோரமாட்டோம் என்பதே அதன் சாரம். 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதை வள உடன்படிக்கை இதனை மேலும் உறுதிப்படுத்தியது. இவ்வொப்பந்தம் குறிக்கும் கருத்துக்கு நம் வழக்கில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: அமானத். அமானத்தை ஏற்றவன் அதனைக் காக்க வேண்டும். கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும். தனதெனக் கொள்ளுதல் ஆகாது. ஸ்வால்பார்டில் வைத்ததும், கேட்டதும், பெருக்கித் திருப்பியதும் இவ்விலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்துகின்றன.

நீருக்கு அத்தகைய ஒழுங்கு நடைமுறையில் இல்லை. ஆனால் அதற்குரிய வித்து நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ளது. தரிசு நிலத்தில் ஒருவர் தோண்டிய கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவு ‘ஹரீம்’ எனப்படும். அவ்வெல்லைக்குள் பிறர் கிணறு தோண்டி அதன் நீரைக் குறைக்கலாகாது. கால்நடைக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழம் என்பது ஹனஃபி மத்ஹபின் அளவு. ஷாஃபிஈ அறிஞர்கள் தேவையின் அளவையே அடிப்படையாகக் கொண்டனர். கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் 40 முழம் போதுமானதாயிருந்தது. எந்திரம் பூட்டிய ஆழ்துளைக் கிணறு பல கல் தொலைவிலுள்ள ஊற்றையும் வற்றச் செய்யும் என்பதை ரஅஸுல் ஐன் காட்டிவிட்டது. அண்டை உழவனுக்கும் அடுத்த தலைமுறைக்கும் தீங்கு இழைக்கலாகாது என்பதே ஹரீமின் நோக்கமாயின், இன்று அதன் எல்லையை நிலத்தடி நீரை அளக்கும் அறிஞர்களிடம் கேட்டறிய வேண்டும். ஃபிக்ஹும் நீரியலும் ஒரே மேசையில் அமர வேண்டிய இடம் இது.

நம் அரபுக் கல்லூரிகளில் உஷ்ர் பற்றிய பாடமும், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடமும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. பெரும்பாலும் அவை சொற்பொருள் விளக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. நாபுலுஸீ அவர்கள் காலத்து ஆலிம் எருவின் இயல்பை அறிந்திருந்தார். நம் மாணவர் தம் மாவட்டத்தின் மழை அளவையும், தம் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தையும் அறிந்து இப்பாடங்களை ஓதுவாராயின் அவை உயிர்பெறும்.

2025இல் சிரியாவை மீண்டும் கடும் வறட்சி தாக்கியது. மானாவாரிக் கோதுமை பெரும்பரப்பில் கருகியது. அம்மண்ணுக்கேற்ற விதைகள் தெர்போலிலும் மர்ஷூஷிலும் காத்திருக்கின்றன. அவற்றைப் பெற்று விதைப்பது எளிது. காபூர் ஆற்றின் ஊற்றுகளுக்கோ எங்கும் பிரதி இல்லை. மழையும் காலமும் மனிதனின் கட்டுப்பாடும் ஒன்றுசேர்ந்தாலன்றி அவை நிறைவதற்கு வழியில்லை.